பொருள் எண் ஏழு

பிப்ரவரி 9

உங்களுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்க நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வழியில் தவிக்கிறவர் எடுத்திருப்பார். கோபத்தில் இருக்கிறவர்தான் எடுக்கமாட்டார்.

ஒன்பது வருஷமாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, மூன்று நாள் இருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்பீர்கள். இந்தத் தடவை "போறேன்" என்றீர்கள். பதினாலு படியையும் நீங்கள் இறங்கி முடிக்கிற வரைக்கும் மிச்சச் சொல் வருமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

நகர மன்றத்தில் தீர்மானப் புத்தகம் எழுதுவது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். அது எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதாவது கேளுங்கள். எழுதுகிறவரின் உறவுக்காரர் விண்ணப்பம் வந்தால், பொருள் எண்ணையும் தலைப்பையும் எழுதி, கீழே அரைப் பக்கம் விட்டு, புத்தகத்தைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பழைய பஸ் ஷெட் மனையில் எட்டு வீடு கட்ட நீங்களும் மேஸ்திரியும் போட்ட விண்ணப்பம் அன்றைக்கு ஏழாவது பொருள். தலைப்பை எழுதிவிட்டு எழுந்து போனேன். நடையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் பதினோரு நிமிஷம் நின்றேன். திரும்பி வந்தபோது சுகாதார ஆய்வாளர் புத்தகத்தை நீட்டினார். எழுதுவதென்றால் அவருக்கு வேப்பங்காய். அரைப் பக்கத்தில் ஒரே சொல்: மறுக்கப்பட்டது.

மிச்ச இடத்தில் குறுக்கே கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். காலியிடம் விட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பதினேழு வருஷமாக எல்லாப் பொருளுக்கும் அப்படித்தான் கோடு போடுகிறேன். அதைக் கேட்டுவிட்டுத்தானே, "உன் கையாலயே நம்ம வீட்டை அடிச்சிட்டியே" என்று கத்தினீர்கள்? அந்த வார்த்தை இன்னும் இந்த அறையில்தான் இருக்கிறது. நீங்கள் மறந்துவிட்டுப் போன நீலத் துண்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி

பிப்ரவரி 22

மினிட்ஸ் மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கியதற்கு நன்றி. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நீ வெளியே போனாய், சரி. உன் காதுகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டாயா? பதினோரு நிமிஷம்! ஏன் மறுத்தார்கள் என்று ஒரு வார்த்தை விழவில்லையா? விழுந்திருந்தால் கட்டின புருஷனிடம் சொன்னால் என்ன, வானம் இடிந்து விழுமா?

மன்றத்திலிருந்து எங்களுக்கு வந்த கடிதத்திலும் அந்த ஒரே சொல்தான். மேஸ்திரி கொதித்துப்போய்விட்டார். "காரணம் சொல்லாம முடியாதுன்னா, நான் என்ன ஸ்கூல் பையனா?" என்று நேரே வக்கீலிடம் போய்விட்டார். மன்றத்தின் முடிவைச் சீராய்வு செய்யச் சொல்லி மனுப் போடுகிறோம். கோர்ட் இங்கே, இந்த நகரத்தில்தான். கட்டடம் நல்லதா கெட்டதா என்று கோர்ட் பார்க்காதாம்; மன்றம் முறையாக முடிவெடுத்ததா என்று மட்டும்தான் பார்க்குமாம்.

இன்னொன்று. கேஸ் முடிகிற வரைக்கும் நான் உன்னைப் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது என்கிறார் வக்கீல். "உள்ளேயிருந்து உங்க வீட்டம்மா சொல்லிக்குடுக்கிறாங்கன்னு ஒரு பேச்சு வந்தா கேஸே போச்சு" என்றார். கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "யார் படிச்சாலும் பரவாயில்லைங்கிற மாதிரி எழுதுங்க" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்கு இப்படி ஒரு அறிவுரை.

நான் போனை எடுக்காததற்குக் கோபம்தான் காரணம். மறைக்கவில்லை. ஆனால் நாலாவது தடவை அடித்தபோது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வரைபடம் என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. படம் வரைந்த கூலிக்குக் கீழ்த்தளத்துக் கிழக்கு வீடு நமக்கு என்று மேஸ்திரி சொன்ன அன்றைக்கே சமையலறை ஜன்னலை இரண்டடி நகர்த்தி வரைந்தேன். அங்கே நின்றால் உன் ஆபீஸ் வாசல் தெரியும். அதை உன்னிடம் சொல்லவில்லை, கட்டி முடித்துக் காட்டலாமென்று. இப்போது சொல்லிவிட்டேன், யார் படித்தாலும் பரவாயில்லை.

வீடில்லாத உன் வீட்டுக்காரன்

மார்ச் 6

உங்களுக்கு,

காது என்னோடுதான் வந்தது. அந்தக் கதவு மெல்லிய பலகைக் கதவு. கேட்டது கேட்டதுதான், சொல்லமாட்டேன். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் சொல்லவேண்டும்போல் இல்லையென்றா நினைக்கிறீர்கள்? தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. உங்களுக்கு நான் சொல்லலாமென்றால், சுகாதார ஆய்வாளர் தன் மச்சானுக்குச் சொல்லலாம், தலைவர் தன் மருமகனுக்குச் சொல்லலாம். அப்புறம் அந்தக் கதவு எதற்கு?

உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புருஷனுக்கு லெட்டர் எழுத பர்மிஷன் கேட்கிற முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார்.

(இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது நானே.)

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு ஆபீஸ் வாசலில் போய் நின்று அந்த மனைப் பக்கம் பார்த்தேன். புல் முளைத்த வெறும் தரைதான் தெரிந்தது. அங்கே ஒருவர் கரண்டியோடு நின்று என்னைப் பார்க்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். கரண்டி உங்கள் கையில் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு வெந்நீர்கூட அடிப்பிடிக்கும். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. வாட்ச்மேன் பார்த்துவிட்டார், தூசி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரி

மார்ச் 19

மினிட்ஸ் மேடத்துக்கு,

அந்த அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாளைத் திருப்பி முதுகில் தடவிப் பார்த்தேன். என்னோடு தங்கியிருக்கும் இருவரில் மூத்தவர் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார், அதையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. அடித்தால் உன்னை மாதிரி அடிக்கவேண்டும்!

மனு ஏற்கப்பட்டுவிட்டது. விசாரணை ஜூன் மாதம்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் கோபத்தைக் கட்டிக்கொண்டு இருப்பது, பேச்சுத்துணை இல்லாத ஆளோடு ஒரே அறையில் இருப்பது மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது எழுது. சாப்பிட்டதை எழுது. குழாய் ஒழுகுகிறதை எழுது.

அடித்த வரி நல்ல வரியா, கெட்ட வரியா? அதை மட்டுமாவது சொல்.

ஜூன் 15

என் கண்ணே,

கேலிப்பெயர் போட்டு எழுத இன்றைக்கு மனசு வரவில்லை.

நீ வருவாய் என்று யாரும் சொல்லவில்லை. வக்கீல் முன்வரிசையில் என்னை உட்கார வைத்துவிட்டார். யாரோ இருமினார்கள், உன் இருமல். திரும்பினேன். மூன்று நாற்காலி தள்ளி, மடியில் துணியில் சுற்றிய தீர்மானப் புத்தகத்தோடு நீ. எட்டு மணி நேர ரயில். நீ இந்த நகரத்துக்கு வந்து நாலு வருஷம் இருக்குமா? வந்தும் நான் எழுந்து வந்து "சாப்பிட்டியா" என்று கேட்க முடியவில்லை. இளைத்திருக்கிறாய். இடது செருப்பின் வாரில் ஊக்குக் குத்தியிருக்கிறாய். இரண்டு மணி நேரம் அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் கூப்பிட்டார்கள். "இந்தக் கோட்டைப் போட்டது யாரு?" என்று நீதிபதி கேட்டார். "நான்தாங்க ஐயா." "எப்போ?" "உள்ள வந்த உடனேங்க. எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கேன், புரட்டிப் பாருங்க." அவர் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக, பொறுமையாக. கோர்ட்டே காகிதச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மன்றத்து வக்கீல் எழுந்து, காரணம் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, வெளியே நின்ற இந்தம்மாவே கேட்டிருப்பார், சொல்லச் சொல்லுங்கள் என்றார். நீ சொன்னாய்: "வெளிய நின்னவ காதுல விழுந்தது கூட்டத்துல பதிவானதா ஆகாதுங்க ஐயா. புத்தகத்துல இருக்கிறதுதான் எனக்குத் தெரியும்." நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்தார்.

உடனே அந்த வக்கீல் என்னைக் காட்டி, "மனுதாரரோட மனைவி, அதனாலதான் வேணும்னே கோடு போட்டு அடைச்சிருக்காங்க" என்றாரே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். பிப்ரவரியில் நானும் அதே கோட்டைக் காட்டித்தான் உன்னைக் கேட்டேன். அந்த ஆளைவிட நான் எந்த விதத்தில் உசத்தி?

மத்தியானம் நீ ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவதை எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை. தெரிந்துதான் திரும்பவில்லை என்று நினைக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஜூன் 27

உங்களுக்கு,

தெரிந்துதான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இறங்கியிருப்பேன்.

மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். நடந்ததைச் சொல்கிறேன். இப்போது கோர்ட்டிலேயே எல்லாம் பேசியாகிவிட்டதால் சொல்லலாம். மார்ச்சிலேயே தலைவர் என்னைக் கூப்பிட்டு, காரணத்தை அந்த அரைப் பக்கத்தில் எழுதிச் சேர்க்கச் சொன்னார். கோடு போட்டாயிற்று என்றேன். "புதுப் பக்கத்துல எழுதி ஒட்டுங்க" என்றார். அந்த வேலை மட்டும் என்னால் ஆகாது, என்னை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆபீஸில் அதற்கப்புறம் யாரும் என்னோடு சேர்ந்து டீ குடிப்பதில்லை. இந்த வாரம் என்னைப் பழைய ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. பேச்சுத்துணைக்குக் கரப்பான்பூச்சி.

நான் அவர்கள் பக்கம் என்று நீங்கள் நினைத்தீர்கள். உங்கள் பக்கம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்கு அரிசி அளந்து போடுகிறேன். ஒன்பது வருஷமாக அளக்கிறேன், இன்னும் கை பழகவில்லை. தினமும் கொஞ்சம் மிஞ்சுகிறது.

உங்களைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. இதை யார் படித்தாலும் பரவாயில்லை.

ஆகஸ்ட் 21

என் கண்ணே,

தீர்ப்பு வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்கிறேன். மன்றத்தின் மறுப்பு ரத்து. காரணம் எழுதாத முடிவு செல்லாது; மன்றம் மறுபடி விசாரித்து, எந்த முடிவானாலும் காரணத்தோடு எழுதவேண்டும். உன் புத்தகத்தை ஒரு பத்தி முழுக்கப் பாராட்டியிருக்கிறார் நீதிபதி. மேஸ்திரி பூரி மாதிரி பூரித்து நிற்கிறார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏனென்று கேள். கோர்ட்டில் மன்றத்து வக்கீல் வாயால் அந்தக் காரணம் ஒருவழியாக வெளியே வந்தது: தீயணைப்பு வண்டி அந்தச் சந்துக்குள் திரும்ப முடியாது. சும்மா கதை கட்டுகிறார்கள் என்றார் மேஸ்திரி. எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு உன் ஊருக்கு வந்தேன்.

வந்தேன். திட்டாதே, முழுக்கப் படி.

என் படத்தில் சந்தின் அகலம் நாலரை மீட்டர். பழைய சர்வே தாளைப் பார்த்து வரைந்தது. அங்கே போய் அளந்தால், டிரான்ஸ்பார்மருக்குப் போட்ட மேடை, அதற்கு எதிரே ஒரு வீட்டுக்காரர் கட்டிய மூன்று படி. நடுவில் மிச்சம் மூன்று மீட்டர் பத்து. நாலு தடவை அளந்தேன். எத்தனை தடவை அளந்தாலும் வளருகிற சமாச்சாரமா அது? ஜன்னலை இரண்டடி நகர்த்தத் தெரிந்தவனுக்கு, ஒரே ஒரு நாள் அந்தச் சந்தில் நடந்து பார்க்கத் தோன்றவில்லை. மூன்று நாள் லீவில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து உன் படிக்கு, படியிலிருந்து ஸ்டேஷனுக்கு. நீ தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாய். மார்ச்சில் நீ அடித்த வரி என்னவென்று இப்போது எனக்குத் தெரியும்: அந்தச் சந்தில் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

அளந்து முடித்ததும் உன் தெருவுக்கு வந்தேன். விஷயம் மறுபடியும் மன்றத்துக்கே போயிருக்கிறது. மேலே வரக் கூடாது என்று தெரியும். எதிர்க்கடை நிழலில் நின்றேன். உன் கொடியில் என் நீலத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் சொட்டிக்கொண்டு. பிப்ரவரியிலிருந்து யாரும் தொடாத துண்டை ஏன் துவைக்கிறாய்?

புதுப் படம் வரைந்துவிட்டேன். வண்டி திரும்பக் கட்டடத்தைக் கிழக்குப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் உள்ளே தள்ளவேண்டும். ஏழு வீடுதான் நிற்கும். கிழக்கு வீடு போய்விடும். மேஸ்திரி படத்தில் கிழக்கு வீடு இருந்த இடத்தில் விரலை வைத்தார். "அது உன் பங்குப்பா. உன் வீட்டை நீயே அடிச்சிட்டியே" என்றார். பிப்ரவரியில் நான் உன்னிடம் கத்தின அதே வார்த்தை, இந்தத் தடவை எனக்கு.

நமக்கு இனி வீடு இல்லை. ஒன்பது வருஷம் உன்னைக் காக்க வைத்து, கடைசியில் இதைத்தான் கொடுக்க முடிந்தது.

செப்டம்பர் 2

வந்தீர்களா! பதினாலே படி. எதிர்க்கடை வரைக்கும் வந்துவிட்டுப் பதினாலு படி ஏறாமல் போன மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான். ஏறியிருந்தால் நானே கீழே தள்ளிவிட்டிருப்பேன், அது வேறு விஷயம். கேஸ் கேஸ்தான். ஆனாலும் கதவைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளியிருப்பேன்.

துண்டைக் கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை துவைக்கிறேன், திங்கட்கிழமை மடித்து உங்கள் ஆணியில் மாட்டுகிறேன். தூசி படிந்தால் நீங்கள் இல்லை என்று தெரிந்துவிடும், அதனால்தான்.



அக்டோபர் 12

உங்களுக்கு,

நேற்று மன்றக் கூட்டம். தீர்ப்பைப் படித்த பிறகு தலைவர் என்னை ஆவண அறையிலிருந்து திரும்ப வரவழைத்துவிட்டார். "எதுக்கும் நீங்களே எழுதுங்கம்மா" என்றார். உங்கள் விண்ணப்பம் வந்ததும் தலைப்பை எழுதி, அரைப் பக்கம் விட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அதே தண்ணீர் டிரம். இருபத்து மூன்று நிமிஷம். இந்தத் தடவை காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தபோது சுகாதார ஆய்வாளருக்கு வியர்த்திருந்தது. அரைப் பக்கம் போதாமல் ஓரத்திலெல்லாம் எழுதியிருந்தார். வண்டி திரும்ப இடம் விடப்பட்டுள்ளது, விண்ணப்பதாரர் தாமே ஒரு வீட்டைக் குறைத்துள்ளார், ஆகையால் அனுமதிக்கப்படுகிறது. கோடு போட எனக்கு ஒரு விரல் அகலம்தான் மிச்சம். போட்டேன்.

முடிந்துவிட்டது. இனி போன் செய்யலாம். நேற்றிலிருந்து போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அடிக்கவில்லை. நீங்களும் அடிக்கவில்லை. வீடு இல்லாமல் போனதால் உங்களுக்குப் பேச வெட்கமாக இருக்கிறதா?

அக்டோபர் 18

மதிப்புக்குரிய மினிட்ஸ் மேடம் அவர்களுக்கு,

ஆமாம், வெட்கம்தான். அதனால் விண்ணப்பமாகவே எழுதுகிறேன்.

ஏழு வீட்டுக்கும் மேற்பார்வை பார்க்க வரச் சொல்லி மேஸ்திரி கூப்பிடுகிறார். குறைந்த சம்பளம், இரண்டு வருஷ வேலை, அதற்கப்புறம் என்ன என்று தெரியாது. இங்கே வேலையை விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் தனியாகத் திட்டு. இந்த ஒன்பது வருஷமும், வீடு கட்டினால்தான் உன்னோடு வந்து இருக்கலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். நீ இருக்கிற ஒன்றரை அறை வாடகை வீட்டில் ஒரு ஆணி எனக்கென்று இருப்பது தெரிந்தும்.

அந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி வேண்டுகிறேன். மறுப்பதானால் தயவுசெய்து காரணத்தோடு மறுக்கவும். போன தடவை ஒரே சொல்லில் மறுத்தது செல்லாது என்று தீர்ப்பு இருக்கிறது.

விண்ணப்பதாரர்

அக்டோபர் 23

பொருள்: விண்ணப்பதாரர் நிரந்தரமாகக் குடிவருவது.

உறவினர் சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் எழுதுகிறவர் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. எழுதுகிறவர் போகவில்லை. போகமுடியாது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முடிவு: அனுமதிக்கப்படுகிறது.

காரணம்: தினமும் ஒரு பிடி சோறு மிஞ்சுகிறது. துவைத்த துண்டு யார் முகத்தையும் துடைக்காமல் நைந்துபோகிறது. கோர்ட்டில் இரண்டு மணி நேரம் என் செருப்பையே பார்த்த மனுஷனுக்கு வாரை மாற்றத் தோன்றவில்லை, அதை நேரில் கேட்கவேண்டும். ஜன்னலைப் பற்றி விண்ணப்பதாரர் கவலைப்பட வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸ் வாசலுக்கே வந்து நின்றால் போதும். ஒன்பது வருஷமாக அந்த வாசலில் எல்லோருக்கும் யாராவது வந்து நிற்கிறார்கள்.

எழுதியது இவ்வளவுதான். கீழே அரைப் பக்கம் மிச்சம் இருக்கிறது. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அதில் நான் கோடு போடவில்லை. நீங்கள் வந்து என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.